கிராங்க் சென்சார் சந்தேகமும் புளூடூத் ஸ்கேனரும்: எதுவரை நம்பலாம்?

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, என்ஜின் மட்டும் பற்ற மாட்டேன் என்கிறது. வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகி ஃபோனில் படிக்கும் இஎல்எம்327 வகை புளூடூத் ஸ்கேனர் தேறுமா தேறாதா என்பது இந்த இடத்தில்தான் தெரியும். பெரும்பாலோர் இதைக் கோடு, அதாவது என்ஜின் கணினியான இசியு பதிந்து வைக்கும் பிழை எண், படிக்கவே வாங்குகிறார்கள். கிராங்க் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் விஷயத்தில் கோடை விடப் பெரிய உதவி, செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர் காட்டும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று).

பேட்டரியும் ஸ்டார்ட்டரும் ஒழுங்காக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது பொதுவாக 150 முதல் 250 ஆர்பிஎம் வரை தெரியும். அந்த எண் 0-விலேயே நின்றால், கிராங்க் சிக்னல் இசியுவுக்குப் போய்ச் சேரவில்லை என்று பலமாகச் சந்தேகிக்கலாம். சிக்னல் வராதபோது பெரும்பாலான வண்டிகளில் இசியு ஸ்பார்க்கும் தராது, இன்ஜெக்டரையும் திறக்காது. பல வண்டிகளில் சாவி போட்டதும் ஃப்யூல் பம்ப் ஓரிரு வினாடி ஓடி நின்றுவிடும். செல்ஃப் அடித்தாலும் மறுபடி ஓடாது. பம்ப்தான் போயிற்று என்று அதைக் கழற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

ஆனால் அந்த 0-வையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் இறங்கி, மலிவான அடாப்டர் தானே ரீசெட் ஆகிவிடும். இணைப்பு அறுந்திருக்க, செயலியில் பழைய எண் அப்படியே நிற்கும். ஆர்பிஎம் பக்கத்திலேயே பேட்டரி வோல்டேஜையும் திரையில் வையுங்கள். வோல்டேஜ் எண் அசைந்துகொண்டே இருந்து ஆர்பிஎம் மட்டும் 0 என்றால்தான் கணக்கு. சில இசியுக்கள் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பதிலே சொல்லாது. அங்கே இந்தச் சோதனைக்கு வழியில்லை.

கோடுகளில் பி0335 சர்க்யூட் கோளாறு, பி0336 சிக்னல் ஒழுங்கில்லாமை, பி0337 குறைந்த அளவு, பி0338 கூடுதல் அளவு, பி0339 விட்டுவிட்டு வருவது. பி0335 வந்தால் உடனே சென்சார் வாங்கப் போக வேண்டாம். வயர் இணைப்பான கப்ளரில் பச்சை பூத்த உலோகப் பின், எக்ஸாஸ்ட் பக்கம் உரசிய வயர், எர்த் கோளாறு எல்லாம் அதே கோடைத்தான் தரும். பி0336-க்கு சென்சார் முன் சுற்றும் பல் வளையமான ரிலக்டரில் உடைந்த பல், சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத் தூள், இரண்டுக்கும் இடையே கூடிப்போன ஏர் கேப் ஆகியவற்றைப் பாருங்கள். கோடே விழாமலும் வண்டி நிற்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கோடை அழிக்கும் முன், அது விழுந்த நேரத்து அளவீடுகளான ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் பிடித்து வையுங்கள், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இந்தக் கருவி கைவிடும் இடம் வேகம். 60 பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்ட 60-2 வளையத்தில் 58 பற்கள். 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 2900 துடிப்புகள் வரும். புளூடூத் அடாப்டரோ வினாடிக்குச் சில தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். ஒரு பல் தவறுவது அதன் கண்ணில் படவே படாது. அதற்குச் சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும். ஸ்கேனரின் கிராஃபைப் பார்த்து "சிக்னல் சுத்தமாக இருக்கிறது" என்பது வெறும் ஊகம்.

மீதி வேலைக்கு மல்டிமீட்டர் போதும். இரண்டு வயர் காயில் சென்சாரில் கப்ளரைக் கழற்றி ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பெரும்பாலும் 500 முதல் 1500 ஓமுக்குள் இருக்கும், சரியான எண் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். இரண்டு பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் சில நூறு மில்லிவோல்ட்டாவது வர வேண்டும். மூன்று வயர் ஹால் சென்சாரில் ஓம் பார்ப்பதால் பயனில்லை. சப்ளை 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பார்த்துவிட்டு, கப்ளரை மாட்டியபடியே சிக்னல் வயரைப் பின்பக்கமாகத் தொட்டு, புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு என்ஜினை மெதுவாகச் சுற்றினால் சிக்னல் மேலும் கீழும் தாவ வேண்டும்.

சூடானால் நின்று, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்குத்தான் உண்மையான பொறுமை தேவை. குளிர்ந்த நிலையில் எல்லாம் சரியாகவே காட்டும். காயில் சென்சாரைக் கழற்றி ஹேர் டிரையரால் சூடாக்கியபடி ஓம் பாருங்கள். எண் திடீரென்று எல்லை தாண்டினால் உள்ளே காயில் விட்டுப்போகிறது. ஓடும்போது நிற்கும் வண்டியில் ஸ்கேனரின் பதிவு வசதியைப் போட்டு வைப்பதும் நல்லது. என்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் சட்டென 0-வுக்கு விழுந்தால் சென்சார் பக்கம் போங்கள், படிப்படியாக இறங்கினால் எரிபொருள் பக்கம் போங்கள்.

வாங்கும்போது 'வெர்ஷன் 1.5' என்ற எழுத்தைத் தர முத்திரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மூல இஎல்எம் சிப்பில் அப்படி ஒரு வெர்ஷனே வந்ததில்லை. சாக்கெட்டின் 16-ஆம் பின் வழியாக எப்போதும் மின்சாரம் இழுக்கும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். புதிய சென்சார் போட்டபின் அதை இசியுவுக்குப் பழக்கும் ரீலேர்ன் கேட்கும் வண்டிகளுக்கு இது போதாது, அதைச் செய்யும் பெரிய ஸ்கேனர் தேவை.

முதல் 10 நிமிடச் சோதனைக்கு 5-க்கு 4 மதிப்பெண். சென்சாரை மாற்றலாமா என்று முடிவெடுக்க இதை மட்டும் நம்பினால் 2.