காட்டியது பிளைவுட், கொடுத்தது எம்டிஎஃப்: பினாங்கில் குட்டி ரயில் அமைப்பவர்கள் கவனத்துக்கு

பினாங்கிலோ செபராங் பிறையிலோ குட்டி ரயில் தளத்துக்கு மரவேலை செய்துதர ஆள் தேடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. விவகாரம் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் பெயரை வெளியிட்டு எதிராளி கையில் ஒரு பிடியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் ஏமாற்றிய விதத்தைச் சொல்ல எந்தத் தடையும் கிடையாது.

வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு ரயில் தளம் அமைப்பவர்கள் உண்டு. எங்கள் நால்வருக்கும் அதற்கு இடமும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. அதனால் நாங்கள் எடுத்துக்கொண்டது டீ-டிராக் என்ற முறை. ஆளுக்குச் சில சிறிய மரப்பெட்டிகள்; பெட்டியின் மேல் இரட்டைத் தண்டவாளம், கட்டடம், மரம், மனிதர்கள். கண்காட்சி நாளில் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து இணைத்தால் ரயில் ஓடும். ஓட்டுவது 1:160 அளவிலான ரயில், தண்டவாள அகலம் 9 மி.மீ. (கணக்குப் பார்த்தால் அது ஸ்டாண்டர்டு கேஜுக்குத்தான் பொருந்தும், நம் கேடிஎம் ஓடுவதோ மீட்டர் கேஜில். இதுவரை எந்தப் பார்வையாளரும் கேட்டதில்லை. கேட்டால் ஸ்டாண்டர்டு கேஜில் அமையும் ஈசிஆர்எல் (கிழக்குக் கரை ரயில் பாதை) என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம்.)

இந்த முறையின் உயிர் அளவில் இருக்கிறது. கேட்டோ நிறுவனத்தின் 248 மி.மீ. தண்டவாளத் துண்டும் 62 மி.மீ. துண்டும் சேர்ந்தால் 310. அதைத் தாங்கும் பெட்டியின் அகலமோ 308. இரட்டைப் பெட்டி என்றால் தண்டவாளம் 620, மரம் 618. இரு பக்கமும் தண்டவாளம் ஒவ்வொரு மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரமும் மரமும் முட்டுவதற்கு முன்பே தண்டவாளமும் தண்டவாளமும் கோத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அளவு மாறாமல் இருந்தால், கோலாலம்பூரில் முகம் தெரியாத ஒருவர் செய்த பெட்டி பட்டர்வொர்த்தில் செய்த பெட்டியோடு சிணுங்காமல் சேரும்.

மூலைப் பெட்டிகள் நான்கும் இரட்டைப் பெட்டிகள் பன்னிரண்டும் வேண்டும் என்று ஒரு மரச்சாமான் பட்டறையில் பேசினோம். உரிமையாளர் நம்மவர். கணினியில் வரைந்த படம் கொடுத்தோம். பலகை 9 மி.மீ. மெரின் பிளைவுட் (மெல்லிய மர அடுக்குகளை நீர் தாங்கும்படி ஒட்டிய பலகை), ஒட்டுவதற்கு நீர் தாங்கும் பசை, நான்கு மூலையிலும் மட்டம் பார்க்கும் போல்ட்டுக்கு டீ-நட் (பலகையில் பதிக்கும் உலோக மரை). எல்லாவற்றையும் விலைக்குறிப்பில் எழுதித் தரச் சொன்னோம். “நமக்குள் எதற்கு அண்ணா எழுத்தெல்லாம்?” என்று சிரித்தார். நமக்குள் என்பதால்தான் எழுத்து வேண்டும் என்று வாங்கிக்கொண்டோம். மொத்தம் 1,620 ரிங்கிட், பாதி முன்பணம்.

முதலில் ஒரே ஒரு மாதிரிப் பெட்டி செய்து காட்டும்படி கேட்டோம். செய்தார். குறை சொல்ல முடியாத வேலை. விளிம்பில் பிளைவுட்டின் அடுக்குகள் இடைவெளி இல்லாமல் வரிவரியாகத் தெரிந்தன. மூலைமட்டம் வைத்தால் ஒளி புகவில்லை. மற்றதையும் இப்படியே முடியுங்கள் என்றோம். அப்போதுதான் அவர் தூண்டிலைப் போட்டார். “மொத்தமாக எடுப்பதால் மீதிப் பெட்டிகளுக்கெல்லாம் வெள்ளைப் பிரைமர் அடித்தே தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்” என்றார். யாருக்குத்தான் கசக்கும்? எப்படியும் நாங்களே அடிக்க வேண்டிய பூச்சு.

சரக்கு வந்த அன்று நாங்கள் எண்ணிப் பார்த்து உள்ளே தூக்கி வைத்துவிடவில்லை. காலிப்பர், ரசமட்டம், மூலைமட்டம் எல்லாம் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 618 என்றால் 618. உயரம் சரி, மூலைகள் சரி. சற்றுக் கனமாக இருக்கின்றனவே என்று கேட்டதற்கு, பூச்சு இன்னும் முழுதாக உலரவில்லை என்றார். மீதிப் பணத்தைக் கொடுத்தோம், ரசீது வாங்கினோம், லோரி போய்விட்டது. அளவில் அவர் கை வைக்கவே இல்லை. வாங்குகிறவன் அளந்துதான் பார்ப்பான் என்று தெரிந்து, அளவுகோலுக்கு அகப்படாத இடத்தில் கை வைத்திருக்கிறார்.

பெட்டிகள் பாகான் டாலாமில் ஒரு நண்பர் வீட்டுப் பின்னறையில் இருந்தன. தரையில் வரிசையாக, மாதிரிப் பெட்டியும் அதே வரிசையில். மழைக்காலம், கூட்டித் துடைக்கிற சிமெண்டுத் தரை. மலேசிய வீடு ஒன்றில் இதைவிட வறண்ட இடம் கிடைத்துவிடுமா என்ன? அங்கேயே உட்கார்ந்து தண்டவாளம் ஒட்டினோம், மின்கம்பி இழுத்தோம், புல் தூவினோம். மாதிரிப் பெட்டியின் மேல் ஜார்ஜ்டவுன் வெல்டு கீயில் இருக்கும் மலாயா ரயில்வே கட்டடம் எழுந்தது. தண்டவாளமே வராத அந்த ரயில் நிலையம் தெரியும்தானே? அந்தக் காலத்தில் டிக்கெட்டை அங்கே வாங்கிக்கொண்டு, ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். இன்று அது சுங்கத்துறைக் கட்டடம். அதன் கடிகாரக் கோபுரத்தை மட்டும் எங்கள் குழுவின் இளையவர் பல வாரம் இழைத்தார்.

கண்காட்சி ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தில். கோலாலம்பூர் நண்பர்கள் தாங்களே செய்த பெட்டிகளோடு வந்திருந்தார்கள். அவர்களுடையவை ஒன்றோடொன்று சொடக்கென்று சேர்ந்தன. எங்களுடையவற்றை அருகில் தள்ளினால், கீழே மரம் முட்டி நிற்கிறது, மேலே தண்டவாளம் சேர மறுக்கிறது. இணைப்பி பாதிதான் ஏறுகிறது. எங்களில் மூத்தவர் கேடிஎம்மில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். குனிந்து, அந்த இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இது தண்டவாளக் கோளாறு இல்லை, அடியைப் பார்” என்றார்.

பெட்டியைக் கவிழ்த்தோம். பக்கப் பலகைகளின் கீழ் விளிம்பு தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல உப்பியிருந்தது. 9 மி.மீ. பலகை அந்த இடத்தில் 12-ஐத் தொட்டது. இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. வெளியே பிதுங்கினால், அந்த 2 மி.மீ. சலுகைக்கு என்ன வேலை? மட்டம் பார்க்கப் போல்ட்டைத் திருகினால், டீ-நட் பலகைத்தூளோடு கையில் வந்தது. ஒரு மூலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். வெள்ளைப் பூச்சு போனதும் அடுக்கும் இல்லை, மர ரேகையும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரே மாவு. எம்டிஎஃப். மரநாரைப் பசையில் பிசைந்து அழுத்திய பலகை. பூச்சும் வெளியே தெரிகிற பக்கத்தில்தான். அடி விளிம்புகளில் ஒரு துளி பிரைமர்கூடப் படவில்லை.

எம்டிஎஃப் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. வீட்டு அலமாரிக்குள் கிடந்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் வெட்டிய விளிம்பு தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் தடிமனில் வீங்கும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கழற்றி மாட்டி, லோரியில் ஏற்றி இறக்கும் பொருளுக்கு, அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில், அது ஆகாது. விலையும் மெரின் பிளைவுட்டுக்குப் பக்கத்தில் வராது. இலவசப் பிரைமரின் காசு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அன்றைக்கு மானம் காத்தவர்கள் கோலாலம்பூர்க்காரர்கள். அவர்களுடைய மூலைப் பெட்டிகளை வைத்துச் சின்னதாக ஒரு வட்டம் கட்டி ஓட்டினோம். எங்கள் பங்காக அதில் சேர்ந்தது அந்த மாதிரிப் பெட்டி ஒன்றுதான். மற்றவற்றை ரயில் ஓடாத காட்சிப் பொருளாகச் சுவரோரம் வைத்தோம். பள்ளிப் பிள்ளைகள் வந்து “இதில் ஏன் ரயில் வரவில்லை?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பட்டறைக்காரரிடம் கேட்டபோது முதல் பதில், ஈரத்தில் வைத்தது உங்கள் குற்றம் என்பது. அதே தரையில் அதே நாள்கள் இருந்த மாதிரிப் பெட்டி இன்னும் 9 மி.மீ. என்று காலிப்பரோடு படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த பதில், பிளைவுட் விலை ஏறிவிட்டது, ஆகவே ‘அதற்கு இணையான’ பலகை போட்டேன் என்பது. இதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்தாகவே அனுப்பினார். அதற்காக அவருக்கு நன்றி. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். நண்பர் எண்ணிலிருந்து அழைத்தால், ஓர் இனத்துக்காரனை இப்படி நெருக்கலாமா என்று ஒரு பாட்டம் அழுதார். பலகை மாற்றும்போது அந்த இனம் நினைவுக்கு வரவில்லை போலும்.

நடுவர் மன்றத்துக்குப் போவது பலர் நினைப்பதுபோல் பெரிய வேலை இல்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மாதிரி காட்டி விற்ற பொருள் அந்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும், சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன. நாங்கள் இணைத்தவை விலைக்குறிப்பு, ரசீது, புலன உரையாடல், படங்கள். விசாரணைக்கு மாதிரிப் பெட்டியையும் வீங்கிய பெட்டி ஒன்றையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகப்போகிறோம்.

யாரிடம் வேலை கொடுத்தாலும் சரி, பூச்சு அடிக்காமல் பச்சையாகத் தரச் சொல்லுங்கள். விளிம்பில் அடுக்குகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாப் பெட்டிகளின் வெட்டுத் துண்டுகளையும் கேட்டு வாங்கி, ஓர் இரவு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். நல்ல மெரின் பிளைவுட் அடுக்குப் பிரியாது. எம்டிஎஃப் விடிவதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்கிற பட்டறையில் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது எழுதக் காரணம் வேறு. அந்த மனிதர் முகநூலில் புதிய விளம்பரம் போட்டிருக்கிறார். கண்காட்சியில் யாரோ எடுத்த படம். வெல்டு கீ கடிகாரக் கோபுரம் இருக்கும் எங்கள் பெட்டி. ‘எங்கள் தயாரிப்பு’ என்று எழுதியிருக்கிறார். பெட்டி அவர் செய்ததுதான், மறுக்கவில்லை. அவர் ஒழுங்காகச் செய்த ஒரே பெட்டி அது. விளம்பரத்தில் இப்போது பெட்டியோடு தண்டவாளமும் ஜப்பானிய மின்கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்த்து ‘முழுத்தொகுப்பு’ விற்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடாப்டரின் முதுகில் ‘ஏசி 100 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பது தெரிகிறது. அதன் முனையில் நம் ஊர் மூன்று முள் பிளக்கை மாட்டியிருக்கிறார். மின்பொருள் பாதுகாப்புக்கான சிரிம் முத்திரை கண்ணில் படவில்லை. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். பலகை வீங்கினால் பணம்தான் போகும்; இதைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சொருகினால் தீப்பிடிக்கலாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் சொருகாதீர்கள், ரசீதைத் தூக்கி எறியாதீர்கள், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வாங்கி 3 ஆண்டு ஆகாதவர்கள் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் காட்டித் தருகிறேன்.