வீட்டில் செய்யும் அக்ரிலிக் ஸ்கிம்மர்: குமிழியை எதைக்கொண்டு உண்டாக்குவது?

கடல்மீன் வளர்க்கும் தொட்டிக்கு ஸ்கிம்மர் (நீரிலுள்ள கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி) செய்யப்போகிறவர்கள் முதலில் கேட்பது அக்ரிலிக் குழாய் எங்கே கிடைக்கும், எத்தனை அங்குல விட்டம் வாங்கலாம் என்பதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று ஸ்கிம்மர் செய்து ஓட்டிப் பார்த்த பிறகு என் வரிசை மாறிவிட்டது. குமிழியை எதைக்கொண்டு உண்டாக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். குழாயின் உயரம், பம்ப், கரண்ட் பில், தொட்டி நீரின் சூடு எல்லாம் அந்த ஒரு முடிவைப் பொறுத்தவை.

என் தொட்டி சென்னையில் இருக்கிறது. 200 லிட்டர், லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை), கிளவுன் மீன்கள், ஒரு டேம்சல் மீன். பவளம் கிடையாது. கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை, அவற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மீன் மட்டும் உள்ள தொட்டியில் இரை அதிகம் விழும், கழிவும் அதிகம். ஸ்கிம்மருக்கு வேலை குறையாது.

அது செய்யும் வேலை எளிமையானது. கழிவிலும் மிச்ச இரையிலும் இருக்கும் புரதம், கொழுப்பு போன்ற மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரோடு ஒட்டும், மறு முனை நீரை விட்டு விலகப் பார்க்கும். காற்றும் நீரும் தொடும் இடம் கிடைத்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நிறைய சின்னக் குமிழிகளை நீருக்குள் விட்டால் அந்தத் தொடும் பரப்பு பல மடங்கு பெருகும். மேலே வரும் குமிழிகள் நுரையாகி, குழாயின் மேலே குறுகியிருக்கும் கழுத்தில் ஏறி, அழுக்கோடு அதன்மேல் உள்ள கப்பில் விழும். உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது குறைவு. நல்ல தண்ணீரில் உடனே சேர்ந்துவிடும். அதனால் லீக் பார்க்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றும்போது குமிழிகள் பெரிது பெரிதாக வந்தால் செய்தது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு நீரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஏர்ஸ்டோன்

நுண்துளைகள் உள்ள கல் அல்லது மரத்துண்டு வழியாகக் காற்றை ஊதிக் குமிழி உண்டாக்கும் பழைய முறை. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. உயரமான குழாய், அடியில் ஒரு மரத்துண்டு, வெளியே ஒரு ஏர் பம்ப். நீர் மேலிருந்து கீழே இறங்கும், குமிழி கீழிருந்து மேலே ஏறும். இந்த எதிரோட்டத்தால் ஒவ்வொரு குமிழியும் நீண்ட நேரம் நீரோடு உறவாடுகிறது.

மரத்துண்டு என்றால் லைம்வுட். பெயரைக் கேட்டு எலுமிச்சை மரத்தைத் தேடிப் போக வேண்டாம், அது ஐரோப்பாவின் லிண்டன் மரம். நார் ஓடும் திசையில் காற்று புகுந்து வெட்டுமுகத்தின் நுண்துளைகள் வழியாக வெளியேறுவதால் மிக மெல்லிய குமிழி கிடைக்கிறது. சிக்கலும் அதே துளைகளில்தான். நான்கு முதல் ஆறு வாரத்தில் அடைத்துக்கொள்ளும், கட்டையை மாற்ற வேண்டும். அழுத்தம் குறைந்த சின்ன ஏர் பம்பால் மரத்துக்குள் காற்றைத் தள்ள முடியாது. நான் முதலில் வாங்கிய பம்ப் சாதாரணக் கல்லில் நன்றாக ஊதியது, மரக்கட்டையைப் பொருத்தியதும் மூச்சு திணறியது.

அளவுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். 100 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள குழாயில் உள்விட்டம் 94 மி.மீ. அதில் 40 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் கிட்டத்தட்ட 2.8 லிட்டர். நீர் உள்ளே இரண்டு நிமிடம் தங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மணிக்குச் சுமார் 80 லிட்டர் விடலாம். என் 200 லிட்டர் தொட்டியின் அளவு நீர் இரண்டரை மணி நேரத்தில் ஒருமுறை உள்ளே போய் வந்துவிடுகிறது. 4 வாட் ஏர் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. நீரை ஊட்டும் சின்ன பம்பைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

பெக்கெட், டவுன்டிராஃப்ட்

எதிர் முனையில் நிற்பவை இவை. பெக்கெட் என்பது தோட்டக் குளங்களில் நுரை நீரூற்றுக்காக வந்த ஒரு முனை. அதை அழுத்தமான பம்போடு இணைத்தால் நான்கு பக்கமும் காற்றை உறிஞ்சி நீரைப் பால்போல ஆக்கிவிடும். டவுன்டிராஃப்டில் உயரமான குழாய்க்குள் பயோபால் எனும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பந்துகளை நிரப்பி, மேலிருந்து நீரைப் பாய்ச்சி அடித்து நுரைக்க வைப்பார்கள். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். பெரிய தொட்டிகளில் இவை சாதித்திருக்கின்றன, மறுக்கவில்லை. செய்வதற்கும் எளிது, சுழலும் பாகம் எதையும் நாம் தொட வேண்டியதில்லை.

ஆனால் இரண்டுமே பம்பின் அழுத்தத்தில் உயிர் வாழ்பவை. 100 வாட் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 72 யூனிட், நம் ஊர் இரண்டு மாத பில்லில் 144. வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பகுதி ஸ்கிம்மருக்கே போய்விடும். அதைவிட மோசம், அந்த மின்சாரத்தின் பெரும்பங்கு சூடாக நீருக்குள் இறங்கும். மே மாதத்தில் அறை வெப்பமே 33, 34 டிகிரியில் நிற்கும் ஊரில் கடல்மீன் தொட்டியை 28க்குள் வைக்கப் போராடுகிறோம். சூட்டை ஒரு பக்கம் ஊற்றி, மறுபக்கம் நீரைக் குளிர்விக்கும் சில்லரால் இறைத்து வெளியேற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிர்நாட்டுக்காரர்களுக்கு இதே சூடு உதவியாக இருக்கலாம். அவர்கள் எழுதிய வடிவத்தை அப்படியே எடுத்துச் செய்யும்போது இதை யோசிக்க மறந்துவிடுகிறோம்.

சாதாரண வென்ச்சுரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறுகிய தொண்டையில் நீர் வேகமெடுக்கும்போது காற்று உள்ளே இழுபடும். அதற்கும் அழுத்தம் வேண்டும், காற்று புகும் துளையில் உப்புப் படிந்து அடைக்கும், வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். குறைந்த அழுத்தத்தில் குமிழி பெருத்துவிடும்.

நீடில் வீல்

இன்று கடையில் விற்கும் ஸ்கிம்மர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான், காரணம் இருக்கிறது. பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரில் தட்டையான இலைகளுக்குப் பதில் ஊசி ஊசியாக முளைத்திருக்கும். உறிஞ்சும் பக்கத்திலேயே காற்றுக்குழாயைக் கொடுத்துவிட்டால், உள்ளே வரும் காற்றை அந்த ஊசிகள் வெட்டிப் பொடியாக்கும். அழுத்தம் தேவையில்லை. 200, 300 லிட்டர் தொட்டிக்கு 10 முதல் 20 வாட் போதும். 15 வாட் என்றால் மாதம் 11 யூனிட்டுக்குள் அடங்கும்.

வீட்டில் செய்பவருக்கு இதில்தான் கை நடுங்கும் இடம் இருக்கிறது. பவர்ஹெட் எனும் சாதாரணத் தொட்டி பம்பின் இம்பெல்லரை எடுத்து நாமே ஊசி நட்டால் எடை ஒரு பக்கம் சாயும், சத்தம் போடும், ஷாஃப்ட் தேயும். நான் இரண்டு இம்பெல்லரை வீணாக்கினேன். பிறகு இலைகளை நறுக்கிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வட்டைப் பொருத்தி, அதன்மேல் திறந்த பின்னல் உள்ள நைலான் வலையை இரண்டு மூன்று அடுக்காகத் தூண்டில் நரம்பால் தைத்தேன். குமிழி அழகாக வந்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரை மட்டும் வைக்காதீர்கள், அதில் தேய்க்கும் துகள் கலந்திருக்கும்.

எவ்வளவு காற்று இழுக்கிறது என்று அளக்க மீட்டர் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாக நீரில் நிறுத்தி, உள்ளே இருக்கும் காற்றுக்குள் ஏர் குழாயின் முனையை விட்டுப் பிடியுங்கள். பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச பாட்டிலுக்குள் நீர் ஏறும். 10 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 360 லிட்டர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்புப் படிவு சுழற்சியைக் குறைத்துவிடும்.

எது அதிக அழுக்கை இழுக்கும்?

இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன். 2009, 2010 ஆண்டுகளில் அவருடைய குழு பல வகை ஸ்கிம்மர்களை ஒரே அளவுகோலில் வைத்துச் சோதித்தது. வகைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்த ஸ்கிம்மரும் நீரில் அளக்கக்கூடிய மொத்த கரிமக் கார்பனில் (கழிவு, இரை போன்றவற்றிலிருந்து நீரில் கலக்கும் கார்பன்) 20 முதல் 30 சதவீதம் வரைதான் எடுத்தது. மீதியைக் குமிழியால் தொடவே முடியவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து நான் எது வலிமையானது என்று கேட்பதை விட்டுவிட்டேன். இழுப்பது ஏறக்குறைய சமம் என்றால், குறைந்த வாட்டில் இழுப்பதும், நம் கையால் பழுது பார்க்க முடிவதும்தான் எனக்கு முக்கியம்.

அதனால் 200 லிட்டர் வரை ஏர்ஸ்டோன், அதற்கு மேல் நீடில் வீல். பெக்கெட் வேண்டாம். நீடில் வீலுக்கும் இம்பெல்லரை நாமே செய்வதைவிட, உதிரி பாகம் கிடைக்கும் ஊசி பம்பை வாங்கி, உடலை மட்டும் நாம் செய்வது நல்லது.

உடல்: அக்ரிலிக்கா, பிவிசியா?

கழிவுநீர்க் குழாயாக விற்கும் 110 மி.மீ. பிவிசி மலிவு, கெட்டி, விழுந்தால் உடையாது. உள்ளே நடப்பது தெரியாது என்பதுதான் குறை. முதல் மாதம் நுரை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நீர் வெளியேறும் குழாயின் வால்வைத் திருப்ப வேண்டியிருக்கும், அப்போது கண் மறைந்தால் தவிப்பாக இருக்கும். பிவிசி ஒட்டும் சால்வென்ட் அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது. இரண்டையும் கலப்பதானால் ரப்பர் வளையம் உள்ள சாக்கெட்டில் 110 மி.மீ. அக்ரிலிக் குழாயைச் சொருகிவிடலாம், கழற்றிக் கழுவவும் வசதி. கீழ்ப்பாதி பிவிசி, மேல்பாதியும் கழுத்தும் அக்ரிலிக் என்பது பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நல்ல வழி.

முழு அக்ரிலிக் என்றால் ஒட்டுவதில்தான் நேரம் போகும். பெயர்ப்பலகைக் கடைக்காரர்கள் குளோரோஃபார்மை ஊசியில் எடுத்து இணைப்பில் ஓட விடுவார்கள். தண்ணீர்போல இருக்கும் அது இடுக்கில் தானே ஊர்ந்து போய் இரண்டு பக்கத்தையும் உருக்கிச் சேர்க்கும். இடைவெளி இருந்தால் நிரப்பாது. எனவே குழாயின் விளிம்பைச் சமமான கண்ணாடிமேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்து, அடித்தட்டில் நிறுத்திப் பார்த்து, வெளிச்சம் எங்கும் கசியாத வரை தேய்க்க வேண்டும். மொட்டை மாடியில் செய்யுங்கள், மூடிய அறையில் அந்த ஆவி ஆபத்து. ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

என் முதல் ஸ்கிம்மரை ஒட்டி முடித்ததும் கைரேகை போக ஸ்பிரிட்டால் துடைத்தேன். இணைப்பைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் வலைபோலப் பரவின. வெட்டிய, ஒட்டிய இடங்களில் அக்ரிலிக்குக்குள் இறுக்கம் தேங்கியிருக்கும், ஆல்கஹால் பட்டதும் அங்கே பிளக்கும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கழுத்தின் விட்டம் உடலில் பாதி இருக்கட்டும். அதைவிடக் குறுகினால் நுரை பீறிட்டுத் தண்ணீராகவே கப்பில் விழும். மிக அகலமானால் நுரை ஏற வலுவில்லாமல் சுவரிலேயே காய்ந்துவிடும். நீர் வெளியேறும் குழாயில் பால் (பந்து) வால்வு வேண்டாம், பல சுற்று திருகித் திறக்கும் கேட் வால்வு போடுங்கள். கால் திருப்பில் நுரை மட்டம் ஒரு சென்டிமீட்டர் நகரும் நுணுக்கம் பால் வால்வில் வராது.

ஓட்ட ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வாரம் நுரை தாறுமாறாக வரும், அல்லது வரவே வராது. புது அக்ரிலிக்கில் மெல்லிய படலம் படியும்வரை அப்படித்தான். அந்த நாட்களில் தினமும் வால்வைத் திருகாதீர்கள். எண்ணெய் கலந்த இரை போட்டாலும், கிரீம் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும் நுரை சில மணி நேரம் படுத்துவிடும், பயப்பட வேண்டாம்.

ஏர்ஸ்டோன் வைப்பவர்கள் ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு செக் வால்வும் போடுங்கள். கரண்ட் போகும்போது நீர் குழாய் வழியாக ஏறி பம்புக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி ஏர் பம்பையும் தயாராக வைத்திருக்கிறேன். மரக்கட்டையை அது ஊதாது என்பதால் சாதாரணக் கல் ஒன்றை அதற்கென்று தொட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறேன், மீன்களுக்கு மூச்சு விட அது போதும்.