அம்மாவோடு சிங்கப்பூர்–பினாங்கு கப்பல் பயணம்

சிங்கப்பூர் மெரினா பே குரூஸ் சென்டரில் ஏறி, மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. அதனால்தான் கப்பல். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும்.

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேட்டு வாங்கினேன். ஆட்டம் அங்கேதான் குறைவு. மலாக்கா நீரிணையும் அமைதியாக இருந்தது. கடல் குமட்டலுக்கு வைத்திருந்த மாத்திரையை அம்மா தொடவே இல்லை.

இந்தப் பயணத்தின் உயிரே பினாங்குதான். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. கப்பலில் விற்கும் பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். நாங்கள் நின்று நின்று நடந்தே லிட்டில் இந்தியா போனோம். குயின் தெருவில், 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். பூ விற்ற பெண் "வாங்கம்மா, மல்லி வேணுமா?" என்று தமிழில் கேட்டதும் அம்மா முகம் மலர்ந்ததே, அதற்காகவே இன்னொரு முறை போகலாம். அப்புறம் ஆளுக்கொரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்), சூடாக ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி).

சாப்பாட்டில்தான் குறை. சைவம் என்று முன்பதிவிலேயே குறித்திருந்தும் முதல் இரவு சோறும் வேகவைத்த காயும்தான் வந்தன. பரிமாறுபவர்களின் தலைவரிடம் நேரில் சொன்ன பிறகு பருப்பும் சப்பாத்தியும் கிடைத்தன. ஏறிய கையோடு நேரில் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் விசாவைக் கவனியுங்கள். கப்பல் சிங்கப்பூருக்கே திரும்புவதால் பலமுறை நுழைய அனுமதிக்கும் சிங்கப்பூர் விசா வேண்டும்.

அடுத்த முறை பெரியம்மாவையும் கூட்டிப் போகிறோம்.