பெட்டியில் வந்த கார் செட், வண்டியோடு வந்த ஆம்ப்: ஜி.பி. ரோட்டில் வேலை கொடுக்கும் முன்

விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் ஒரு கார் செட்டை (ஸ்டீரியோவை) வைத்துக் கொண்டுவந்து, அப்பாவின் வண்டியில் மாட்டிவிட்டுத் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். சென்னையில் அதற்கான இடம் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஜி.பி. ரோடு என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். சாதாரண வண்டி என்றால் அங்கே வேகமாக முடித்துவிடுகிறார்கள், டேஷ்போர்டில் ஒரு கீறல்கூட விழாமல். ஜேபிஎல், போஸ் என்று ஆடியோ கம்பெனியின் பெயர் பொறித்து, கார் கம்பெனியே தனி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வைத்து அனுப்பிய வண்டி என்றால்தான் நாம் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சாதாரண வண்டியில் செட்டிலிருந்து புறப்படும் 4 ஜோடி வயர்கள் நேரே ஸ்பீக்கருக்குப் போகும். ஆம்ப் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் அதே வயர்களில் மிகச் சிறிய சிக்னல்தான் ஓடும், அதைப் பெரிதாக்குவது ஆம்ப்பின் வேலை. இது தெரியாமல் புதுச் செட்டின் வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஸ்பீக்கர் வயர்களை அப்படியே அங்கே முறுக்கிவிட்டால் சத்தம் வரும். வால்யூம் 5-ஐத் தாண்டினாலே கரகரக்கும், பாட்டு நின்றாலும் 'உஸ்' என்று இரைச்சல் நிற்காது. "சவுண்டு வருது சார்" என்பதோடு வேலையை முடித்துக்கொள்ள விடாதீர்கள்.

பழைய செட்டைக் கழற்றும் முன்பே மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் மீட்டர்) எடுக்கச் சொல்லுங்கள். கடையில் இல்லையென்றால் ரிச்சி தெரு பக்கத்தில்தான் இருக்கிறது, ஒன்று வாங்கிவிடலாம். 400 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் நீடிக்கும் ஒலி) ஒன்றை பென் டிரைவில் போட்டு, பழைய செட்டில் ஓடவிட்டு, ஒரு ஜோடி வயரின் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். வால்யூமை முழுக்க ஏற்றியும் ஓரிரண்டு வோல்ட், மிஞ்சினால் 4 வோல்ட் காட்டினால் அது சிறிய சிக்னல். 9 வோல்ட் அளவுக்கு ஏறினால் ஸ்பீக்கர் அளவு சிக்னல், 4 ஓமில் சுமார் 20 வாட். அப்போது புதுச் செட்டின் ஸ்பீக்கர் வயர்களையே கொடுக்கலாம். சிறிய சிக்னல் என்றால் செட்டின் பின்னால் உள்ள ஆர்சிஏ அவுட்டிலிருந்தோ (ஆம்ப்புக்குச் சிறிய சிக்னல் தரும் வட்ட சாக்கெட்), அளவைக் குறைத்துத் தரும் அடாப்டர் வழியாகவோதான் எடுக்க வேண்டும். இரண்டு வழியும் சரி. கெயின் திருகு (சிக்னல் அளவைக் கூட்டிக் குறைப்பது) உள்ள அடாப்டர் கிடைத்தால் நான் அதையே சொல்வேன், இரைச்சலை அதில் அடக்கிவிடலாம்.

டோன் ஓடும்போது எந்த ஜோடியிலும் எதுவுமே காட்டவில்லையா? பாட்டு டிஜிட்டலாகப் போகிறது. சில ஐரோப்பிய வண்டிகளில் ஃபைபர் ஆப்டிக், சில புது வண்டிகளில் ஒரே ஒரு முறுக்கிய ஜோடி வயர். ஆம்ப்பை எழுப்புவதே கேன் (வண்டியின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் லைன்) செய்திதான் என்ற வண்டிகளும் உண்டு. அந்த மாடலுக்கென்றே செய்த இன்டர்ஃபேஸ் (இடையில் மாட்டும் பெட்டி) கையில் இல்லாமல் இவற்றைத் தொட வேண்டாம். சில வண்டிகளில் பார்க்கிங் சென்சார் ஒலியும் சீட் பெல்ட் மணியும் அதே ஆம்ப் வழியாகத்தான் வரும், அவையும் சேர்ந்து போய்விடும்.

"ஆம்ப்பைத் தூக்கிட்டு ஸ்பீக்கருக்கு டைரக்டா கொடுத்துடலாம்" என்பது கடைகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை. போஸ் ஸ்பீக்கர்கள் பல மாடல்களில் 2 ஓம், சிலவற்றில் அதைவிடக் குறைவு. வெளியில் வாங்கும் செட்களில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது, சூடேறி அணைந்து அணைந்து ஒருநாள் உள்ளே இருக்கும் ஐசி சிப் போய்விடும். நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.7 ஓம் வரை காட்டும். 1, 2 என்று காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து எர்த், அதாவது வண்டியின் உலோக பாடியோடு சேரும் இணைப்பு. செட்டின் ஸ்பீக்கர் வயர்களில் மைனஸ் என்று குறித்திருந்தாலும் அது எர்த் இல்லை, இரண்டு வயரிலும் சுமார் 6 வோல்ட் டிசி நிற்கும். நான்கு மைனஸையும் சேர்த்துப் பாடியில் பிடித்துவிட்டால் செட் போயே போச்சு. ஆம்ப்பின் உள்வரும் மைனஸ்களையும் பாடியில் கொடுக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் 'ங்ஙீ' சத்தம் பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. பயனீர் செட் என்றால் இன்னொன்றும் உண்டு: எர்த் விட்டுப்போன நிலையில் ஆர்சிஏ-யை மாட்டிக் கழற்றினால் உள்ளே இருக்கும் பொடி ஃபியூஸ் போய் இதே சத்தம் வரும். ஆர்சிஏ-யின் வெளி வளையத்தை ஒரு வயரால் பாடியில் தொட்டுப் பாருங்கள், சத்தம் நின்றால் அதுதான்.

ஆம்ப்பை எழுப்பும் வயர் செட்டில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு. சில செட்களில் அது ரேடியோ ஓடும்போது மட்டும்தான் 12 வோல்ட் தரும், ஆம்ப்பை அதில் கொடுத்திருந்தால் ப்ளூடூத்துக்கு மாறியதும் தூங்கிவிடும்.

அமெரிக்காவில் வாங்கிய செட்டில் எஃப்எம் 0.2 இடைவெளியில், ஒற்றைப்படைப் புள்ளிகளில்தான் நிற்கும். சென்னையில் 98.3-ம் 93.5-ம் கிடைக்கும். 106.4 ஹலோ எஃப்எம்மும் 101.4 ரெயின்போவும் கிடைக்காது. செட்டிங்கில் பகுதியை ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்ற முடிகிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள். டொயோட்டா என்றால் ரிவர்ஸ் கேமராவையும் கவனியுங்கள்: கம்பெனி கேமரா பல மாடல்களில் 6 வோல்ட். புதுச் செட்டுக்காக 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

வண்டியின் கப்ளரை (வயர்கள் சேரும் பிளாஸ்டிக் பிளக்) வெட்ட விடாதீர்கள். அதில் செருகும், அந்த மாடலுக்கான கப்ளரை வாங்கி, எல்லா ஜாயின்டையும் அந்தப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். சோல்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டால் நிற்கும். நம் ஊர் மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் கறுப்பு டேப்பின் பசை இளகி, வயர் வெளியே வந்துவிடும். மீட்டர் சோதனை முடிந்து, கழற்ற ஆரம்பிக்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். இக்னிஷன் ஓடும்போது டேஷ்போர்டு கப்ளர்களை உருவினால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் எஞ்சின், ஏசி, ஹெட்லைட் மூன்றையும் போட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கிக் கேளுங்கள். பேலன்ஸையும் (இடம்-வலம்) ஃபேடரையும் (முன்-பின்) நான்கு மூலைக்கும் நகர்த்திப் பாருங்கள், ஏதாவது ஒரு ஜோடி தலைகீழாக மாட்டியிருந்தால் நடுவில் வைக்கும்போது பாஸ் மெலிந்து கேட்கும். கழற்றிய பழைய செட்டையும் திருகுகளையும் ஒரு பையில் போட்டு வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டி விற்கும் நாளில் அப்பா கேட்பார்.