மூன்று மாத ஒப்பந்த வேலையா? சேருவதற்கு முன் விலகும் விதியைக் கேட்டு வாங்குங்கள்

வேலை போய், அடுத்த வேலை கைக்கு வராத இடைவெளியில் இருப்பவர்களை வைத்தே சென்னையில் ஒரு தொழில் நடக்கிறது. தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பெரிய நிறுவனத்துக்கு அவசரமாக ஆள் தேவை, ஆனால் தன் கணக்கில் ஆள் எடுக்க மேலிடம் அனுமதிக்காது. நடுவில் ஒரு கன்சல்டன்சி புகுந்து ஆளைக் கொண்டுபோய் உட்கார வைக்கும். 2023-ல் நான் அப்படி உட்கார வைக்கப்பட்டேன். பெயரை எழுத முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். கையில் 82,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. பிராஜெக்ட் முடிந்தது என்று ஒரு கூட்டத்தையே அனுப்பினார்கள், அதில் நானும் ஒருத்தி. சில வாரங்களில் அந்தக் கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்தது: மாதம் 38,000, மூன்று மாதம், தேவைப்பட்டால் நீட்டிப்பு. பாதிக்கும் குறைவு என்றேன். "வீட்டில் சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லையே மேடம். நடுவில் நல்ல வேலை கிடைத்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறோம்" என்றார் அந்த எச்ஆர். வீட்டுக் கடன் தவணைக்கு அந்தப் பணம் போதும். மாமியாரும், "வருகிற பணத்தை ஏன் வேண்டாம் என்கிறாய்?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. சம்பளம் குறைவு என்று தெரிந்துதான் சேர்ந்தேன், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

மோசடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கிளையன்ட், அதாவது நான் போய் வேலை செய்யவிருந்த பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கி, மடிக்கணினியும் கைக்கு வந்த பிறகு, அன்று மாலைதான் ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. நான் விலகுவதானால் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அவர்கள் என்னை நிறுத்துவதானால் அன்றைக்கே நிறுத்தலாம். கடைசி மாதப் பணம் 45 நாள் கழித்துத்தான் கிடைக்கும். தொலைபேசியில் கேட்டதற்கு, "அது பொதுவான படிவம் மேடம், யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை" என்றார் அதே எச்ஆர். யாரும் பார்க்காத படிவத்தில் அன்றிரவுக்குள் கையெழுத்து எதற்கு என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

இன்னொரு வேலையும் அந்தக் காகிதத்தில் நடந்திருந்தது. நான் ஊழியர் இல்லையாம், 'ஆலோசகர்' ஆம். ஆகவே வருங்கால வைப்பு நிதி கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, முறைப்படி விலகினார் என்று சான்று தரும் ரிலீவிங் லெட்டரும் கிடையாது. அப்போதிருந்த வருமான வரிச் சட்டம் 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் பிடித்தம் போக 34,200 ரூபாய் வரும். சரி, ஆலோசகருக்குரிய சுதந்திரமாவது உண்டா? விரல் ரேகை வைத்து ஒன்பது மணி நேரம் இருக்க வேண்டும், வராத நாளுக்குக் கட்டணம் பிடிப்பார்கள். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்வர ஏறக்குறைய 1,700 ரூபாய் செலவு. அடுத்த வேலை தேடுவதற்காக ஏற்ற இடைக்கால வேலை, அடுத்த வேலை தேடுவதற்கே கட்டணம் வாங்கியது. கிளையன்ட் பக்கத்து மேலாளர் ஒருநாள் பேச்சுவாக்கில், எனக்காகத் தாங்கள் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டுவதாகச் சொன்னார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த அடி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கிண்டியில் ஒரு நிறுவனம் என்னைத் தேர்வு செய்தது. சம்பளப் பேச்சில் அவர்கள் முதலில் கேட்டது, இப்போது எவ்வளவு வாங்குகிறேன் என்பதை. நம் ஊரில் சம்பளம் பேசுவதே அந்த எண்ணின் மேல் சதவீதம் ஏற்றித்தானே. 38,000-த்துக்கு 40 சதவீதம் ஏற்றித் தாராளமாகத் தருவதாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் 53,200. நான் விட்டுவந்த வேலையில் வாங்கியதைவிடக் கிட்டத்தட்ட 29,000 குறைவு. பழைய நிறுவனம் தந்த படிவம் 16-ஐயும் (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளையும் காட்டி, நடுவில் செய்தது சம்பள வேலை இல்லை, ஒப்பந்தக் கட்டணம் என்று வாதாடி மேலே கொண்டுவர நிறைய நாள் பிடித்தது. இதே நிலையில் இருப்பவர்கள் முதல் பேச்சிலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள். எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கினால் எடுபடாது.

கிண்டி நிறுவனத்துக்கு 15 நாளில் சேருபவர் தேவை. கன்சல்டன்சியிடம் அந்த 'ஒரு வார' வாக்குறுதியை நினைவுபடுத்தினேன். அப்படி யாரும் சொல்லியிருக்க முடியாது என்றார் வேறொரு எச்ஆர், முன்பு பேசியவர் விலகிவிட்டாராம். 30 நாள் இருக்க வேண்டும் அல்லது 38,000 கட்ட வேண்டும். இரண்டும் செய்யாமல் போனால் புதிய நிறுவனம் செய்யும் பின்னணிச் சரிபார்ப்பில் என்னைப் பற்றி 'அப்ஸ்காண்டிங்' (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று பதில் தருவோம் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்தத் துறையில் எல்லோரும் பயப்படுகிறோம். புதிய நிறுவனம் பொறுத்துக்கொண்டதால் தப்பித்தேன். 30 நாளும் இருந்து முடித்தேன். அப்படியும் கடைசி இரண்டு மாதப் பணம் வரவில்லை. வழக்கறிஞர் நோட்டீஸ் போன பிறகு ஒரு மாதப் பணம் வந்தது, மற்றது போனதுதான்.

அந்த வழக்கறிஞர் சொன்ன சில விஷயங்கள் முன்பே தெரிந்திருந்தால் மிரட்டலுக்கு இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74: ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை ஓர் உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். ஒருவர் விலகினார் என்பதற்காக எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. இன்னொன்று, உங்களை ஆலோசகர் என்று எழுதுகிறார்களென்றால் அதையே பிடித்துக்கொள்ளலாம். வேலை தொடங்கும் முன்பே மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள், இலவசம்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகித' வட்டியைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி கேட்டு அதற்கான அரசுத் தளத்தில் மனு போடலாம். வேலையெல்லாம் முடிந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு அது உதவும் என்று நம்ப முடியாது. என்னிடம் அந்தப் பதிவு இல்லை.

என் பணத்தில் பிடித்தம் செய்த வருமான வரியையும் கன்சல்டன்சி கட்டவில்லை. காலாண்டுக் கணக்கு தாக்கலாகும் வரை, நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது தெரியாது என்பதால் முதலில் சந்தேகம் வரவில்லை. ஜூலை–செப்டம்பர் பிடித்தம் அக்டோபர் 31-க்குள் தாக்கலாக வேண்டும், நவம்பரிலும் என் அறிக்கை காலி. பிடித்த வரியை மறுபடி நம்மிடம் கேட்கக் கூடாது என்று அப்போதிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் பிடித்தார்கள் என்பதற்குச் சான்று நாம்தான் காட்ட வேண்டும். எனவே ஒவ்வொரு மாதமும் முழுத்தொகை, பிடித்தம், கைக்கு வந்தது மூன்றையும் எழுதிய பில்லை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், இப்படிப்பட்ட வேலையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கையிருப்பு இரண்டு மாதத்துக்குக்கூட வராதவருக்குத் தன்மானம் பேசி யோசனை சொல்வது எளிது, அவர் வீட்டுத் தவணையை யார் கட்டுவது? கையிருப்பு ஐந்தாறு மாதம் தாங்கும் என்றால் மட்டும், பாதிச் சம்பளத்துக்குப் பகல் முழுவதையும் விற்காதீர்கள். ஏற்பவர்கள், மடிக்கணினியை வாங்கும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "தொலைபேசியில் பேசியபடி, இரு தரப்பும் ஏழு நாள் முன்னறிவிப்பில் விலகலாம், கடைசிப் பணம் விலகிய 15 நாளுக்குள் கிடைக்கும், பணி செய்த காலத்துக்குக் கடிதம் தரப்படும் என்று புரிந்துகொள்கிறேன். ஒப்பந்தத்தை இதன்படி அனுப்பவும்." அசல் சான்றிதழ் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

என் தோழி ஒருத்திக்குச் சென்ற ஆண்டு இதே போன்ற அழைப்பு வந்தபோது இந்த வரிகளைத்தான் அனுப்பினாள். படிவத்தை மாற்ற முடியாது என்று முதல் கன்சல்டன்சி கைவிரித்தது. இன்னொன்று முன்னறிவிப்பைப் பத்து நாளாக்கி, திருத்திய ஒப்பந்தத்தைச் சேருவதற்கு முந்தைய வாரமே அனுப்பியது. சம்பளம் அங்கும் குறைவுதான். சேர்ந்தாள், இரண்டாவது மாதத்தில் நிரந்தர வேலை கிடைத்ததும் பத்து நாளில் விலகினாள், பணமும் வந்துவிட்டது.