பக்கெட் மெஷின்: நுவரெலியாவில் ஓட்டிப் பார்த்தவன் சொல்வது

பண்டாரவளையில் சிப்ஸ் போடத் தொடங்கப்போகும் மச்சான், "உன்கிட்ட இருக்கிற, சிப்ஸைப் பையில் அடைக்கிற பக்கெட் மெஷினையே வாங்கலாமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. சுருளாக வரும் பிளாஸ்டிக் தாளைக் கழுத்துப்பட்டி மாதிரி இருக்கும் காலரில் ஏற்றி, குழாயாக மடித்து, பையின் முதுகை ஒட்டி, சூடான இரண்டு தாடைகளால் அழுத்தி வாயை ஒட்டி வெட்டும் அதே இந்திய மெஷின்தான். சிப்ஸ் கெடாமல், நொறுங்காமல் இருக்கப் பக்கெட்டுக்குள் நைட்ரஜன் வாயு ஊதும் குழாய் வைத்த மாடல். மற்ற விபரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்துவிடும். ஒட்டு பிசகாது. கரண்ட் போய் வந்தாலும் செட்டிங் அழியாது; எங்கள் பக்கம் மழைக்காலத்தில் இது சின்ன விஷயமில்லை. தேய்வது டெஃப்லான் துணியும் தாடைக்குள் இருக்கும் ஹீட்டரும்தான், இரண்டையும் எங்கள் பிள்ளைகளே மாற்றிவிடுகிறார்கள். கம்ப்ரசர் சத்தத்துக்குக் காது பழகிவிடும்.

ஒரு பக்கெட் அந்தத் தாடைக்கு வந்து சேர எவ்வளவு பாடு என்று தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். நாலு கிலோ கிழங்கு போனால் ஒரு கிலோ சிப்ஸ் வரும். மிச்சமெல்லாம் தோலும் ஆவியும். இங்கே விளைவது பெரும்பாலும் கிரனோலா. கறிக்கு அருமையான கிழங்கு, சிப்ஸுக்கு அடம்பிடிக்கும். அதில் மாப்பிடிப்பு குறைவு. குளிரில் கிடந்தால் மாச்சத்து சீனியாக மாறும், எண்ணெயில் விழுந்த உடனே ஓரம் கறுக்கும், கசக்கும். நுவரெலியாவில் குளிருக்கா பஞ்சம்? அதனால் எண்ணெய்ச் சட்டிக்கு அடுத்த சூடான அறையில் மூட்டைகளை இரண்டு மூன்று கிழமை போட்டு வைப்போம், சீனி இறங்கிவிடும். பிறகு தோல் உரசி, ஒன்றரை மில்லிமீட்டரில் சீவி, வெள்ளைத் தண்ணீர் போகுமட்டும் கழுவி, 170, 180 பாகை எண்ணெயில் போடுவோம். கொதிப்பு அடங்கி, சலசலப்பு ஓய்ந்தால் ஈரம் போய்விட்டது. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஈரம் நின்றால் சிப்ஸ் மொறுக்காது. சூட்டோடு சூடாக உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஆறவைத்து, மெஷினுக்கு அனுப்பினால் கும்மென்று உப்பிய 50 கிராம் பக்கெட் விழும்.

அந்தப் பக்கெட் கொழும்புக்குப் போய்ச் சேரும்போது சப்பிப்போய்க் கிடக்கும்.

லொறியில் நானும் போய்ப் பார்த்தேன். நானுஓயாவில் விரலால் தட்டினால் டம்மென்று சத்தம். கினிகத்தேனை இறக்கத்தில் ஓரங்களில் சுருக்கம். அவிசாவளையில் தேநீர் குடிக்க இறங்கிப் பெட்டியைப் பிரித்தால், எல்லாம் கிழவி கன்னம் மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கிறது. புறக்கோட்டை முதலாளி, "பாதிதானே இருக்கு" என்று பெட்டியோடு திருப்பிவிட்டார். தராசில் வைத்துக் காட்டினால் 50 கிராம் சரியாக நிற்கிறது. கடைக்கு வருகிறவன் தராசோடா வருகிறான்?

விற்ற கம்பனிக்குச் சொன்னால், "லீக் இருக்கும் சேர்" என்றார்கள். கொழும்பிலிருந்து டெக்னீஷியன் ஏறி வந்தார். டெஃப்லான் துணி மாற்றினார், தாடையை மாற்றினார், பில் போட்டார். பக்கெட்டை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. அடுத்த லோடும் சப்பிப்போனது. அவர் திரும்ப வந்தார், திரும்பப் பில் போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கொழும்பில் வேண்டாமென்று திருப்பிய பெட்டிகள் எங்கள் வாசலில் வந்து இறங்கும்போது பழையபடி கும்மென்று உப்பியிருக்கும். ஓட்டை இருந்தால் உப்புமா? டெக்னீஷியன் அதைப் பார்த்துவிட்டு, "பக்கெட் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுக்கும். எல்லாம் காற்றழுத்தம் குறைவு என்பதால்தான். இங்கே அடைத்த நைட்ரஜன் கடல்மட்டத்துக்கு இறங்கினால், அங்கே கூடுதலாக இருக்கும் காற்றழுத்தம் அமுக்குவதால், அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட சுருங்கிவிடும். கொழும்புச் சூடு கொஞ்சத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். கொழும்பில் அடைத்து இங்கே ஏறி வருகிற பக்கெட்டுகளைப் பாருங்கள், பஸ் ஸ்டாண்ட் கடைகளில் வெடிக்கிற மாதிரித் தொங்கும். வாங்குகிற ஆள் எங்களதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதைத்தான் எடுப்பான்.

நைட்ரஜனைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கூட்டினோம். குழாய் ஊதிச் சிப்ஸைத் தாடை வரைக்கும் தள்ளியது. துண்டுகள் ஒட்டில் அகப்பட்டன. அப்போதுதான் உண்மையான லீக் வந்தது. கடைசியில் பக்கெட் நீளத்தை இரண்டு சென்றிமீட்டர் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டுகிறோம். பார்வைக்குப் பரவாயில்லை. ஆனால் மற்ற கம்பனிப் பக்கெட்டுக்குப் பக்கத்தில் தம்பி மாதிரி நிற்கும்.

இதில் மெஷின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. காற்றை அடைக்கச் சொன்னால் அடைக்கிறது. மலையில் விற்கிறவர்கள் மலையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? போன பில்லை இன்றைக்கு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு நட்சத்திரம்தான் தருவேன்.

மச்சான், நீ வாங்கு. பண்டாரவளை 1,200 மீட்டர் சொச்சம்தான், உனக்கு ஏழில் ஒரு பங்கு மாதிரித்தான் சுருங்கும், சமாளிக்கலாம். ஆனால் முழுக்காசும் கொடுக்காதே. உன் இடத்திலேயே ஓட்டச் சொல்லி, அன்றைக்கே ஒரு பெட்டியை லொறியில் கொழும்புக்கு அனுப்பு. மிச்சக் காசு அந்தப் பெட்டியை அவர்கள் ஆள் அங்கே பிரித்துப் பார்த்த பிறகு.