காடு படித்தால் கடன் அடையுமா?

காட்டுயிர், சூழல் பாதுகாப்பு என்று படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. வனவியல். இரண்டு, விலங்கியலோ தாவரவியலோ முடித்துவிட்டு உள்நாட்டிலேயே எம்.எஸ்சி.: மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகம், டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம். மூன்று, கடன் வாங்கி பிரிட்டன் போய் ஓராண்டு மாஸ்டர்ஸ். செலவைப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் திரும்பி வந்து இங்கே வாங்கும் முதல் சம்பளத்தில் அந்த வித்தியாசம் தெரியாது.

வனவியலுக்குச் செலவு குறைவு, கட்டணம் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம். கடன் வாங்கினாலும் சின்னக் கடன்தான். இந்தப் பட்டத்தின் பலம் அரசுத் தேர்வுகளில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வில் 2025 வரையான சில ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 150 இடங்கள்தான் இருந்தன, ஆனால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். டி.என்.பி.எஸ்.சி.யின் உதவி வனப்பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் பதவிகளும் உண்டு. எதுவும் கைகூடாவிட்டால் வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம், அதற்கு வனவியல் பட்டம் செல்லும். காடு படித்தவர் கடைசியில் பயிர்க்கடன் கொடுக்கும் நாற்காலியில் உட்காருவார் என்பது வேடிக்கைதான். மாதச் சம்பளம் மட்டும் ஒழுங்காக வரும்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறும் இடமும் இதுதான். இந்திய வனப்பணிக்கான தகுதிப் பட்டியலில் விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பாடமாகப் படித்த பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் என்று இருக்கிறது. ‘சுற்றுச்சூழல் அறிவியல்’ அதில் இல்லை. தனியார் கல்லூரியில் அந்தப் பெயரில் லட்சக்கணக்கில் கட்டிச் சேருவதற்கு முன், பட்டியலில் உள்ள பாடம் ஏதாவது பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உள்நாட்டு எம்.எஸ்சி. முடித்தவர்கள் பெரும்பாலும் ஆய்வுத் திட்டங்களுக்குத்தான் போகிறார்கள். நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வு தேறியிருந்தால் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. அதற்கு முன் 31,000. வீட்டு வாடகைப்படி தனி. தேறாதவர்களுக்கு அதைவிடக் குறைவு. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது, அடுத்த திட்டம் தேட வேண்டும். நிதி வரத் தாமதமானால் சில மாதம் சம்பளமே வராது. இவ்வளவு இருந்தும் இந்த வழி தாக்குப்பிடிக்கிறது என்றால், காரணம் கடன் சிறியது. 2 லட்சம் ரூபாயை 10.5 சதவீத வட்டியில் வாங்கி, படிப்புக் கால வட்டியும் சேர்ந்தாலும் பத்தாண்டுத் தவணை மாதம் 3,500 அளவில்தான் வரும். நான்கு லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையும் கேட்பதில்லை.

இப்போது பிரிட்டன். கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 30 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி அதே 10.5. ஓராண்டுப் படிப்பு, ஓராண்டு தவணை விடுமுறை. வட்டி அதற்குள்ளேயே ஏறி அசல் 36 லட்சத்தைத் தாண்டிவிடும். பத்தாண்டில் அடைத்தால் மாதம் 49 ஆயிரம். பதினைந்து ஆண்டாக நீட்டினாலும் 40 ஆயிரம். ஜே.ஆர்.எஃப். முழுவதையும் அப்படியே வங்கியில் கட்டினாலும் போதாது.

அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடலாமே என்பார்கள். படிப்புக்குப் பிந்தைய விசா இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் ஒன்றரை ஆண்டு. அப்புறம் திறன் பணியாளர் விசா வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகையுடன் 33,400. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளில் ஆரம்பநிலை வேலைகள் பெரும்பாலும் 30 ஆயிரம் பவுண்டுக்குக் கீழேதான். உள்ளூர்ப் பிள்ளைகளே பலர் சம்பளமில்லாத் தன்னார்வப் பணியில் தொடங்குகிற துறை இது.

அமெரிக்கா கொஞ்சம் வேறு மாதிரி. இயற்கை வளத் துறைகளில் ஆய்வேட்டோடு கூடிய எம்.எஸ். படிப்புக்குப் பேராசிரியரின் திட்டத்திலிருந்தே கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் கிடைக்கும் வழக்கம் உண்டு. ஆய்வேடு இல்லாத மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் போகும். முதல் வகை கிடைத்தால் தயங்காமல் போகலாம், ஆனால் அதற்கு விண்ணப்பத்துக்கு முன்பே பேராசிரியர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அங்கே காட்டுயிர் வேலை தரும் பெரிய முதலாளிகளில் ஒன்று கூட்டாட்சி அரசு. அந்த வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டும்.

வெளிநாடுதான் என்று பிடிவாதமாக இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் மாதிரி முழு உதவித்தொகையோடு போகலாம், மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் இருந்தால் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையும் உண்டு. இவை கிடைக்காத ஆண்டில் சொந்தக் கடனில் கிளம்புவதைவிட, இங்கே ஒரு கள வேலையில் சேர்ந்து அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பதையே நான் சொல்வேன். 30 லட்சக் கடனோடு வருகிறவர் புலிக் கணக்கெடுப்பு வேலையை எடுக்க முடியாது, அந்தச் சம்பளம் தவணைக்கே போதாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய ஆயிரம் நிறுவனங்களுக்கு, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, சூழல் பொறுப்பு உள்ளிட்டவற்றைச் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனம் எதிலாவது போய்ச் சேர்ந்து, தவணை முடியும்வரை எக்செல் தாளோடு இருக்க வேண்டியதுதான்.